திருத்துவதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது?

கலை, அறிவியல் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களுக்கு எழுத்துப் பயிற்சிக்கெனத் தனித் தாள் வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுவதுண்டு. பகுதி 1இல் தமிழும் பகுதி 2இல் ஆங்கிலமும் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்ற கேள்வியோடு அது அடங்கிவிடும். அந்தத் தாள்களில் மாணவர் செய்யுள் படிக்கிறார், இலக்கணம் படிக்கிறார், இலக்கிய வரலாறும் படிக்கிறார். ஆனால், தாமாக ஒரு கருத்தை முன்வைத்து, சான்று காட்டி, இரண்டு பக்கம் எழுதி, ஆசிரியர் திருத்தித் தந்ததை மீண்டும் எழுதும் வாய்ப்பு பட்டம் பெறும்வரை பெரும்பாலோருக்குக் கிடைப்பதில்லை.

இதன் விளைவைப் பொருளியல் விடைத்தாள்களில் பல்லாண்டுகள் பார்த்திருக்கிறேன். தேவை விதியின் வரையறை எழுத்துப் பிசகாமல் இருக்கும். நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கும்போது ஒரு குடும்பம் வெளிச்சந்தையில் அரிசி வாங்குவது முற்றிலும் நின்றுவிடுமா என்று கேட்டால், பக்கம் வெறுமையாக இருக்கும். அல்லது தொடர்பில்லாத ஒரு பாடநூல் பத்தி அங்கே இறக்கி வைக்கப்பட்டிருக்கும். விடை தெரியாமல் அல்ல. அதே மாணவரிடம் நேரில் கேட்டால், "ரேஷன் அரிசி இட்லிக்கு, கடை அரிசி சோற்றுக்கு ஐயா" என்பார். அதுதான் விடையின் தொடக்கம். அதைத் தாளில் எழுதலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

அமெரிக்காவில் முதலாண்டு எழுத்துப் பாடம் வேரூன்றியதும் இத்தகைய குறையிலிருந்துதான். ஹார்வர்டு 1874இல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரையைச் சேர்த்தது. வந்த விடைகள் பேராசிரியர்களைத் திகைக்க வைத்தன. இத்தனைக்கும் எழுதியவர்களில் பெரும்பாலோர் வசதியான வீட்டுப் பிள்ளைகள்; எழுதியது தாய்மொழியில். 1885இல் கட்டுரைப் பயிற்சி அங்கு முதலாண்டுப் பாடமாயிற்று. இன்று அந்நாட்டுக் கல்லூரி எழுத்துப் பயிற்சி ஆசிரியர்களின் அமைப்பு, ஒரு வகுப்பில் 20 பேருக்கு மேல் கூடாது, 15 பேர் இருப்பதே நல்லது என்று பரிந்துரைக்கிறது. ஆயினும், அங்கும் இப்பாடத்தின் சுமை பெருமளவில் பகுதிநேர ஆசிரியர்கள் மீதும் ஆய்வு மாணவர்கள் மீதும்தான் விழுகிறது. ஊதியமோ குறைவு. நாம் அந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஏனெனில் இது பாடத்திட்டச் சிக்கல் என்பதைவிட நேரத்தின் சிக்கல். 60 பேர் உள்ள வகுப்பில் பருவத்துக்கு ஐந்து கட்டுரைகள், ஒவ்வொன்றும் இரண்டு முறை என்று கொள்வோம். 600 முறை படிக்க வேண்டும். ஒன்றுக்கு 12 நிமிடம் என்றால் 120 மணி நேரம். 15 வாரப் பருவத்தில் வாரம் எட்டு மணி நேரம். உதவிப் பேராசிரியரின் நேரடிக் கற்பித்தலுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்திருப்பது வாரம் 16 மணி. திருத்தும் நேரம் அதில் சேராது. அப்படியானால், பணிச்சுமையில் கணக்கிடப்படாத அந்த எட்டு மணி நேரத்தை யார் தருவார்? நிரந்தர ஆசிரியர் தயங்குவார். கௌரவ விரிவுரையாளர் தலையில் கட்டுவார்கள். அடுத்த ஆண்டு பணி நீடிக்குமா என்று தெரியாதவர், மாணவரின் மூன்றாவது பத்தி ஏன் நொண்டுகிறது என்று எவ்வளவு பொறுமையாக விளக்குவார்?

ஆகவே, என் யோசனை எளியது. புதிய தாள் வேண்டாம். பகுதி 1 தமிழின் முதல் பருவத்தையே எழுத்துப் பயிற்சியாக மாற்றலாம். தாய்மொழியில் வாதிடப் பழகியவருக்கு ஆங்கிலத்தில் வாதிடுவது பாதி வேலைதான். வகுப்பை 20 பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, திருத்தும் நேரத்தையும் கற்பித்தல் நேரமாகக் கணக்கிட வேண்டும். மதிப்பெண்ணின் பெரும்பகுதி பருவத்தேர்வுக்கு அல்லாமல், முதல் வரைவுக்கும் இரண்டாம் வரைவுக்கும் இடையே நிகழ்ந்த மாற்றத்துக்குச் செல்ல வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலி நொடியில் கட்டுரை தரும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்பார்கள். உழவர் சந்தைக்கு ஒரு வாரம் சென்று, தக்காளி விலையை நாள்தோறும் குறித்து, அது ஏன் ஏறி இறங்கியது என்று விற்பவரிடம் கேட்டு, வகுப்பறையிலேயே கையால் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். செயலி அந்தச் சந்தைக்குப் போயிருக்காது. செலவு உண்டு, கூடுதல் பணியிடங்கள் இல்லாமல் இது நடக்காது. அதை நிதிநிலை அறிக்கையில் காட்டாமல் பாடத்திட்டத்தை மட்டும் திருத்தினால், இன்னொரு தாளுக்கு இன்னொரு நோட்ஸ் கடைக்கு வரும்.