பட்டமும் முத்திரையும்

இணையவழியாக எம்.ஏ., எம்.பி.ஏ., எம்.ஸி.ஏ. முதலிய மேற்பட்டங்கள் அளிக்கப்படுமென்ற விளம்பரங்கள் நாள் தவறாமல் வெளிவருகின்றன. கட்டணம் சொற்பம் என்பதையும், 'நாக்' தரம் உயர்ந்தது என்பதையும் அவை கொட்டை எழுத்தில் பறைசாற்றுகின்றன. பகலில் உழைத்து இரவில் படிக்க விரும்பும் ஏழை வாலிபனுக்கு இவ்வழி பெரும் உபகாரமே. கிராமத்தை விட்டுப் பெயராமலே ஒருவன் எம்.ஏ. ஆகலாமென்ற நிலை ஏற்பட்டிருப்பதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் அவன் முதலாவதாகக் கேட்க வேண்டிய கேள்விக்கு அவ்விளம்பரங்களில் பல விடையளிப்பதில்லை.

'அங்கீகாரம்' என்ற ஒரே சொல் மூன்று வேறு விஷயங்களுக்கு வழங்கி வருகிறது. முதலாவது, பட்டமளிக்கும் அதிகாரம். பார்லிமெண்டோ மாகாணச் சட்டசபையோ இயற்றிய சட்டத்தால் ஏற்பட்ட சர்வகலாசாலையும், நிகர்நிலை அந்தஸ்துப் பெற்றதும், பார்லிமெண்டு விசேஷமாக அதிகாரமளித்த ஸ்தாபனமுமே பட்டமளிக்கலாமென்று 1956-ம் வருஷத்து யு.ஜி.சி. சட்டத்தின் 22-வது பிரிவு விதித்தது. இரண்டாவது, இன்ன பாடத்தை இன்ன முறையில் நடத்தலாமென்ற அனுமதி. தொலைக்கல்விக்கும் இணையவழிக் கல்விக்கும் யு.ஜி.சி. 2020-ல் வகுத்த விதிகள் இதைப் பற்றியவை. மூன்றாவது, கலாசாலையின் தரத்தைப் பற்றிய மதிப்பீடு. 1994-ல் பெங்களூரில் ஸ்தாபிக்கப்பட்ட 'நாக்' சபை அளித்து வந்திருக்கும் ஏ, ஏ பிளஸ், ஏ பிளஸ் பிளஸ் என்ற தரங்கள் இவ்வகையின. மூன்றாவதைக் காட்டி இரண்டாவதும் இருப்பதாக நினைக்கச் செய்வதே விளம்பரக்காரரின் சாமர்த்தியம்.

இந்த வேற்றுமை வக்கீல்களின் வெறும் வார்த்தை விளையாட்டு என்று எவரேனும் கருதினால், சுப்ரீம் கோர்ட்டு 2017 நவம்பர் 3-ந் தேதி அளித்த தீர்ப்பை அவர் படிக்கட்டும். நான்கு நிகர்நிலைச் சர்வகலாசாலைகள் எஞ்சினீரிங் பட்டங்களைத் தபால் வழியே வழங்கியிருந்தன. அவற்றுள் ஒன்று நமது சேலத்திலுள்ளது. அவை போலி ஸ்தாபனங்கள் அல்ல. பட்டமளிக்கும் அந்தஸ்து அவற்றுக்கு இருந்தது. அந்தப் பாடத்தை அம்முறையில் நடத்துவதற்கு வேண்டிய அனுமதியே இல்லை. முடிவு என்ன? 2001 முதல் 2005 வரையிலான கல்வி வருஷங்களில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. மீண்டும் பரீட்சை எழுதித் தேறினால்தான் அவை செல்லும். பின்னர் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. கட்டணத்தைத் திருப்பித் தரும்படி கோர்ட்டு உத்தரவிட்டது மெய்யே. இழந்த வருஷங்களை எந்தக் கோர்ட்டு திருப்பித் தரும்?

'நாக்' தரம் பயனற்றதென்று நாம் சொல்லவில்லை. பெரும்பாலான சர்வகலாசாலைகள் இணையவழிப் பட்டம் தொடங்குவதற்கு நல்ல மதிப்பீடோ, தேசியத் தரவரிசையில் உயர்ந்த இடமோ வேண்டுமென்று விதிகளே கூறுகின்றன. ஆயினும் அத்தரம் கலாசாலை முழுமைக்கும் உரியது. தனி ஒரு பாடத்தின் பெறுமானத்தை அது அளப்பதில்லை. மேலும், 2025 பிப்ரவரியில் 'நாக்' பரிசோதனைக் குழுவைச் சேர்ந்த சிலர் லஞ்சக் குற்றச்சாட்டின்மீது மத்தியப் புலனாய்வுத் துறையினரால் கைது செய்யப்பட்டனர். குற்றம் ருசுவாவது கோர்ட்டின் பொறுப்பு. எனினும், தர எழுத்தொன்றை மட்டும் நம்பி வாழ்க்கையைப் பணயம் வைப்பது விவேகமன்று என்பதற்கு இது போதாதா?

ஆகவே வாலிபர்களுக்கு நாம் கூறும் யோசனை இதுதான். முதலில் யு.ஜி.சி.யின் தொலைக்கல்விப் பிரிவு வெளியிடும் ஜாபிதாவில், சேரும் வருஷத்துக்கும் பருவத்துக்கும் எதிரே, அந்தச் சர்வகலாசாலையின் பெயர் மட்டுமன்றி அந்தப் பாடத்தின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். 2024 முதல் மாணவர் ஒவ்வொருவரும் அப்பிரிவின் தளத்தில் தமக்கென அடையாள எண் பெற்றே சேர வேண்டியிருக்கிறது. அதைத் தரகரிடம் விடாமல் நீங்களே பெறுங்கள். சட்டம், எஞ்சினீரிங், வைத்தியம், நர்ஸிங் ஆகியவற்றை இணையவழியில் கற்பிப்பதாகச் சொல்வோரை அண்டாதீர்கள். விதிகள் அவற்றை விலக்கியிருக்கின்றன. இவ்வளவும் சரியானால் அதன்பின் தரத்தைப் பாருங்கள்; கட்டணத்தைக் கடைசியில் பாருங்கள். அனுமதியுள்ள பட்டங்களிலும் மலிவானவை உண்டு. 1985-ல் ஏற்பட்ட இந்திரா காந்தி திறந்தநிலைச் சர்வகலாசாலையும், 2002-ல் ஏற்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைச் சர்வகலாசாலையும் எளியவர்களுக்காகவே தோன்றியவை. விதிப்படி பெற்ற இணையவழிப் பட்டம், வகுப்பிலமர்ந்து பெற்ற பட்டத்துக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று என்பதை 2020-ம் வருஷத்து விதிகளே உறுதி செய்கின்றன.

எச்சரிக்கையாயிருக்கும் கடமை மாணவனுக்கு மட்டுந்தானா? அதிகாரமின்றிப் பட்டமளிப்பவனுக்கு 1956-ம் வருஷத்துச் சட்டம் விதித்த உச்ச அபராதம் ஆயிரம் ரூபாய்! இவ்வளவு சொற்பமான அபராதத்துக்கு எந்த மோசக்காரன் அஞ்சுவான்? தண்டனையைக் கடுமையாக்குவதும், பாடத்துக்குள்ள அனுமதியின் விவரத்தை விளம்பரம் ஒவ்வொன்றிலும் அச்சிடும்படி கட்டாயப்படுத்துவதும் சர்க்காரின் கடமை. ஊர்தோறும் உழைக்கும் நமது தொண்டர்கள் வாசகசாலைகளிலும் சங்கங்களிலும் அந்த ஜாபிதாவை ஜனங்களுக்குப் படித்துக் காட்டட்டும். ஏழையின் பணம் பறிபோன பிறகு அவனுக்காகக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றுவதைக் காட்டிலும் அது மேலான தேசத்தொண்டாகும்.