ஊடை எண்ணும் சில்லு

ஆரணியில் தறி ஓடும் வீடுகளில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். "ஊடை எண்ணுற கவுண்டர் ஒண்ணு செய்யணும் சார், எந்த மைக்ரோகண்ட்ரோலர் வாங்கலாம்?" என்று கேட்பார்கள். புட்டாவுக்குப் புட்டா இடைவெளி பிசகக் கூடாது. முந்தி தொடங்கும் இடம் தெரிய வேண்டும். ஊடையை அடித்து நெருக்கும் சட்டத்தில் ஒரு காந்தம், எதிரே ஒரு ஹால் சென்சார், ஒரு டிஸ்பிளே. வேலை அவ்வளவுதான்.

கடையில் ஃப்ளாஷ் (புரோகிராம் தங்கும் நினைவகம்) அளவைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். ஆர்டுயினோ யூனோவில் இருக்கும் ஏடிமெகா328பி-க்கு 32 கிலோபைட். எஸ்டிஎம்32எஃப்103சி8-க்கு 64. ராஸ்பெர்ரி பை பிக்கோவில் 2 மெகாபைட். அதுவும் சில்லுக்கு வெளியே, தனியாக. ஊடை எண்ண இதில் எதுவும் தேவையில்லை, சில கிலோபைட் போதும். நான் கேட்பது வேறு: கரண்ட் போனால் கணக்கு எங்கே இருக்கும்?

ஃப்ளாஷிலேயே எழுதி வைக்கலாமா? ஆறு கஜப் புடவை என்றால் 216 அங்குலம். அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்தால் 12,960. ஏடிமெகாவின் ஃப்ளாஷ் 10,000 முறை அழித்தெழுதத்தான் உத்தரவாதம். ஒவ்வொரு ஊடைக்கும் ஒரே இடத்தில் எழுதினால், முதல் புடவை தறியிலிருந்து இறங்கும் முன்பே அந்த இடம் உத்தரவாதத்தைத் தாண்டிவிடும். எஸ்டிஎம்மிலும் இதே கதைதான்.

ஜக்கார்டு பெட்டியில் ஓர் அட்டை தப்பாகக் குத்தியிருந்தால், அதை மட்டும் அவிழ்த்து வேறு அட்டை கோர்க்கலாம். ஃப்ளாஷில் அது நடக்காது. எழுதிய ஒரு பைட்டைத் திருத்த ஒரு பகுதியையே அழிக்க வேண்டும்: ஏடிமெகாவில் 128 பைட், எஸ்டிஎம்மில் 1 கிலோபைட், பிக்கோவில் 4 கிலோபைட்.

அதனால் என் ஓட்டு ஏடிமெகாவுக்கு. அதனுள் 1,024 பைட் ஈஈப்ராம் இருக்கிறது. பைட் பைட்டாகத் திருத்தலாம், 1,00,000 முறை தாங்கும். ஒரே இடத்தில் எழுதினால் ஏழு புடவைதான். நாலு நாலு பைட்டாக 256 இடங்களில் சுழற்றி எழுதினால் கிட்டத்தட்ட 2,000 புடவை. யாரும் சீந்தாத பழைய பிக்16எஃப்84ஏ-வில்கூட 64 பைட் ஈஈப்ராம் உண்டு. நம் பாலிடெக்னிக்குகள் விடாமல் நடத்திய 8051 குடும்பத்து ஏடி89சி51-இல் கிடையாது; அதன் ஃப்ளாஷும் 1,000 முறைக்குத்தான்.

கணக்கு முதலாளியின் போனுக்குப் போக வேண்டும் என்றால் வைஃபை உள்ள ஈஎஸ்பி32 வாங்கலாம். ஆனால் கைத்தறிக் கூலி புடவைக்குத்தான், ஊடைக்கு இல்லை. தறியில் உட்காருபவரைக் கேட்காமல் அதை மாட்டாதீர்கள் தம்பி.