சாவி ஊரிலும் ஒன்று இருக்கட்டும்

சென்ற நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க நம் செஞ்சியில் ஒரு வங்கிக் கிளைக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். விரல் ரேகை எடுக்கும் டேப்லெட் வைஃபையில் ஓடுவது; அன்று ஓடவில்லை. கூரையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெட்டி மட்டும் விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. கம்பி போட்ட கணினிகளில் பணம் போடுவதும் எடுப்பதும் தடையின்றி நடந்தன. மேலாளர் சின்னப் பெண். "சார், அந்தப் பெட்டியில நாங்க கை வைக்க முடியாது. கன்ட்ரோல் எல்லாம் ஹெட் ஆபீஸ்ல" என்றார். ஆலம்பூண்டியிலிருந்து பஸ் ஏறி வந்த ஓர் அம்மா இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "உசுரோட இருக்கேன்னு சொல்றதுக்கும் மேல கேக்கணுமா?" என்று எழுந்து போய்விட்டார்.

சென்னையில் நெட்வொர்க் வேலை பார்க்கும் என் அக்காள் பேரன் விளக்கினான். இந்த ஆக்சஸ் பாயிண்ட் பெட்டிகளில் பலவற்றுக்குச் சொந்தப் புத்தி கிடையாதாம். எந்த சேனல், எவ்வளவு சக்தி, யாரை உள்ளே விடுவது, எல்லாம் எங்கோ இருக்கும் கன்ட்ரோலர் சொல்ல வேண்டும். சில அமைப்புகளில் நம் தகவல் முழுவதுமே அங்கே போய்ச் சுற்றி வர வேண்டும். கன்ட்ரோலர் படுத்தால் பெட்டியும் படுக்கும்.

மையக் கட்டுப்பாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. இருநூறு கிளைகளில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஏணி வைத்து ஏறிக் கடவுச்சொல் மாற்ற முடியுமா? பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள் ஒரே சேனலில் மோதிக்கொள்ளாமல் பார்க்கவும் மேலே ஒருவர் வேண்டும்தான். ஆனால் நிர்வாகம் வேறு, மூச்சு வேறு.

புதுச்சேரியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் ஷாப்பின் தந்திக் கோபுரங்களைப் பற்றிச் சொல்வார். 1794-ல் பாரிசுக்கும் லீலுக்கும் இடையே மரக்கைகளை அசைத்துச் செய்தி அனுப்பினார்கள். நடுக் கோபுரத்துக்காரர் பக்கத்துக் கோபுரத்தில் கண்டதை அப்படியே செய்து காட்டுவார்; பொருள் அவருக்குத் தெரியாது, குறிப்பேடு மேலதிகாரிகளிடம் மட்டும். ராணுவ ரகசியத்துக்கு அது சரி. ஆலம்பூண்டி அம்மாவின் கைரேகைக்கு அது எதற்கு?

நம்மூர்க் கோட்டையைக் கட்டியவர்கள் இன்னும் விவரமானவர்கள். ராஜகிரி உச்சியிலேயே களஞ்சியமும் சுனையும் உண்டு. கீழ்வாசல் போனாலும் மேலே இருப்பவன் சோறு தின்பான். 1690-ல் தொடங்கிய முகலாய முற்றுகை எட்டு ஆண்டு இழுத்ததென்றால் சும்மாவா?

பேரன் சொன்ன இன்னொன்றுதான் என்னைக் கொதிக்க வைத்தது. கன்ட்ரோலர் தொடர்பு அறுந்தாலும், கடைசியாகக் கொடுத்த உத்தரவின்படி பெட்டி தானே ஓடும்படி வைக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறதாம். வாங்கும்போதே கேட்க வேண்டும், கேட்பாரில்லை. சில வகைகளில் ஆண்டு உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டால், சில நாள் தவணைக்குப் பிறகு, காசு கொடுத்து வாங்கிய பெட்டியே வேலை செய்யாதாம்! புதுப்பிக்கும் கோப்பு எத்தனை மேஜையில் தூங்கும் என்று என்னைப் போன்ற பழைய கிளார்க்குக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மத்திய அரசே 2020 டிசம்பரில் ஒப்புதல் தந்த பி.எம். வாணி திட்டத்தைப் பாருங்கள். டீக்கடைக்காரர் உரிமமில்லாமல் கடையில் பொது வைஃபை வைக்கலாம். பதிவேடு மையத்தில், பெட்டி கடையில். டீக்கடைக்குக் கொடுத்த நம்பிக்கையை ஒரு கிளை மேலாளருக்குக் கொடுக்கக் கூடாதா?

டெண்டரில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லி மனு எழுதினேன். தொடர்பு அறுந்தாலும் பெட்டி ஓட வேண்டும். கிளையில் ஒருவருக்காவது அதைத் தொடும் அதிகாரம் வேண்டும். அந்த மேலாளர் நின்றபடியே படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். மேலே அனுப்பிடறேன்."