அனுபவத்துக்கு எத்தனை மார்க்?

எங்க பரவைப் பக்கம் மல்லிகைச் செடியை எப்போ கவாத்து பண்ணணும், மொட்டுப்புழு விழுந்ததை எப்படிக் கண்டுபிடிக்கணும்னு கேட்டா, தோட்டத்துல வருசக்கணக்கா வேலை பாக்குறவங்க டக்குனு சொல்லிடுவாங்க. யானைமலை அடிவாரத்து வேளாண் கல்லூரிப் பையன் அதையே எழுதினா மார்க். இவங்க செஞ்சு காட்டினா கூலி மட்டும்தான். இது நியாயமா?

வழியே இல்லைன்னு சொல்லல. 2015-ல வந்த பிரதமரின் கௌசல் விகாஸ் திட்டத்துல, ஏற்கெனவே வேலை தெரிஞ்சவங்களைச் சோதிச்சுச் சான்றிதழ் கொடுக்குறாங்க. 2023-ல வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பு அதுக்கும் ஒரு படி மேல. 30 மணி நேரக் கற்றலுக்கு 1 கிரெடிட், வருசத்துக்கு 40. ஏழு வருசத்துக்கு மேல அனுபவம் இருந்தா கிரெடிட்டை ரெண்டு மடங்காக்கலாம்.

ஆனா பூஜ்ஜியத்தை ரெண்டால பெருக்கினாலும் பூஜ்ஜியம்தானே! தாள்ல ஒண்ணுமே இல்லாத தொழிலாளிக்கு அந்த முதல் கிரெடிட்டை யாராவது கொடுக்கணும். அதுக்கான தேர்வை வயல்லயே, தமிழ்லயே, செஞ்சு காட்டச் சொல்லி வைக்கணும்.

அனுபவம் இருந்தா எல்லாம் தெரியும்னும் அர்த்தமில்ல. மண் பரிசோதனை அறிக்கையைப் படிக்கவும், மருந்து அளவைக் கணக்குப் போடவும் நம்மில் பலருக்கு வராது. அதைக் கத்துக்கத்தான் வேணும். உரக்கடைக்காரங்களுக்கு ஐதராபாத் மேனேஜ் நிறுவனம் நடத்துற 'தேசி' டிப்ளமோ வாரத்துக்கு ஒரு நாள், 48 வாரம். கடையை மூடாமலே படிக்கிறாங்க. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் விவசாயிகளுக்குன்னே பி.எப்.டெக். பட்டத்தைத் தொலைநிலையில தமிழ்ல நடத்தியிருக்கு. அதே மாதிரி தோட்டத் தொழிலாளிக்கும் மில் தொழிலாளிக்கும் வேலையை விடாம படிக்க வழி பண்ணலாம். தெரிஞ்ச பாடத்துக்கு கிரெடிட், தெரியாத பாடத்துக்கு மட்டும் வகுப்பு.

இன்னொண்ணு, பட்டம் கொடுத்தா மட்டும் போதாது, அது செல்லவும் வேணும். 10, 12 முடிக்காம திறந்தவெளிப் பல்கலைக்கழகத்துல நேரடியா வாங்கின பட்டம் அரசு வேலைக்குச் செல்லாதுன்னு 2009-ல தமிழக அரசு அரசாணை 107 போட்டுச்சு. ராத்திரி கண்முழிச்சுப் படிச்சவங்க என்ன செய்வாங்க?

அதனால, யாருக்கு எத்தனை கிரெடிட், அந்தப் பட்டம் எந்தெந்த வேலைக்குச் செல்லும்னு சேரும்போதே அரசு எழுத்துல கொடுக்கணும். அப்படிக் கொடுத்தா, எங்க ஊர்லயே ரொம்பப் பேர் நம்பிப் படிக்க வருவாங்க.