கொழுந்தறியாத ஆய்வு

நுண்ணுயிருக்கும் அது பற்றி வாழும் விருந்துவழங்கிக்கும் உள்ள உறவை ஆராயக் கடல் கடந்தே செல்லவேண்டும் என்றோர் எண்ணம் நம் பட்டமேற்படிப்பு மாணவரிடையே வேரூன்றியுள்ளது. மலையகம் மாதிரி எடுத்தனுப்பும் இடம், சிந்திக்கும் இடம் வேறு என்பதே இதன் உட்கிடை. இதனை வரலாறு மறுக்கிறது.

கோப்பி இலைத்துரு இலங்கையில் 1869இல் முதன்முதலாகக் காணப்பட்டது ஊவாவின் மடுல்சீமையிலேதான். அதனை ஆராய 1880இல் வந்த ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளைஞர் நுணுக்குக்காட்டியையும் கண்ணாடித் தகடுகளையுமே பெரிதும் நம்பினார். தகடுகளைக் காற்றில் வைத்து வித்திகளைப் பிடித்தார். அவை ஈர இலையில் முளைத்து இலைவாய் வழியே உட்புகுவதைக் கண்டார். மலை முழுவதும் ஒரே பயிரை நெருக்கி நட்டமையே பரவலுக்கு வழிவகுத்தது என்றும் எடுத்துரைத்தார். துரைமார் கேட்டது மருந்து, கிடைத்ததோ விளக்கம். அவர்களுக்கு அது உவப்பாயில்லை. ஆயினும் இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் தாவர நோயியலின் அடிக்கற்களுள் ஒன்று அவ்வாறு இங்கே இடப்பட்டது.

கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1946இல் கொப்புள நோயும் வந்து சேர்ந்தது. இப்பங்கசு உயிருள்ள தேயிலையிலன்றி வாழாது. அதிலும் இளந்தளிரையே பற்றும். பறிக்கப்படும் கொழுந்தும் அதுவே ஆதலின், நோயை முதலிற் காண்பவள் கூடை சுமக்கும் பெண். ஆய்வேடுகளில் அவளுக்கு இடமில்லை. ஈரம் நின்றால் நோய் பெருகும், வெயில் ஏறினால் ஒடுங்கும். ஹல்துமுல்லைச் சரிவிற் சில கல் தொலைவு ஏறியிறங்கினாலே மழையும் காற்றும் மாறுகின்றன. ஒரே செடியும் ஒரே பங்கசும் சூழலுக்கேற்ப எவ்வாறு நடந்துகொள்கின்றன என்றறிய இதனினும் ஏற்ற ஆய்வுகூடம் யாது?

மரபணு வரிசையைப் படிக்கும் கருவிகளை நாம் வெறுக்கவில்லை. ஆனால் ஒரு பருவமேனும் மலையேறாதவர் அக்கருவியிடம் எதைக் கேட்பார்? பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை உண்டு. பதுளையில் 2005இல் எழுந்த ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் உண்டு. இவற்றின் அருகே வாழும் லயத்துப் பிள்ளைக்கு உயர்தர விஞ்ஞான வகுப்பே எட்டாக்கனியாயிருப்பின், நாளைய ஆய்வாளர் எங்கிருந்து வருவர்? இத்துறையில் ஆய்வேடு ஏற்கும் குழுக்கள் ஒரு பருவத்துக் களப்பதிவையும், தோட்டத்தார் கேட்டு விளங்கத்தக்க தமிழ்ச் சுருக்கத்தையும் கட்டாயமாக்கட்டும். தோட்டப் பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியரை அனுப்பும் பொறுப்பைக் கல்வித் திணைக்களம் ஏற்கட்டும்.