சின்னக் கைக்கு ஒரு மூங்கில் வில்

ஐந்து வயது ஆனதும் பையனோ பெண்ணோ எதுவானாலும் சரி, ஒரு நாள் வில் கேட்காமல் இருக்காது. ராமர் படம் பார்த்தாலும் கேட்கும், கோயில் சுவரில் அர்ஜுனனைப் பார்த்தாலும் கேட்கும். நாம் "போடா, அதெல்லாம் வேண்டாம்" என்று விரட்டிவிட்டால் விஷயம் முடிந்துபோகிறதா? இல்லையே! துடைப்பத்திலிருந்து இரண்டு ஈர்க்குச்சியை உருவி, ஒன்றை வளைத்து நூல் கட்டி, மற்றொன்றை அம்பாக்கிக் கொள்ளும். அந்த ஈர்க்குச்சி அம்புதான் இருப்பதிலேயே பொல்லாதது. எடையே கிடையாது, ஆனால் முனை ஊசி. 1987, 88-ல் தூர்தர்ஷனில் ஞாயிறு காலை ராமாயணம் வந்ததே, அந்த நாட்களில் இப்படிக் கண்ணில் அம்பு பட்டு வந்த குழந்தைகளைப் பற்றி நம் நாட்டுக் கண் டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள். அதனால் வேண்டாம் என்று சொல்வதைவிட, நாமே ஒழுங்காக ஒன்று செய்து கொடுத்து, பக்கத்தில் நின்று விளையாட விடுவதே மேல் என்பது என் கட்சி.

கடையில் விற்கும் பிளாஸ்டிக் வில்லைப் பற்றி ஒரு வார்த்தை. அம்பு நுனியில் ரப்பர் குப்பி வைத்திருப்பார்கள். இரண்டு நாளில் அது கழன்று சோபாவுக்கு அடியில் போய்விடும். பிறகு மிஞ்சுவது மொட்டைக் குச்சி. வாங்கியிருந்தால் முதலில் அதை இழுத்துப் பாருங்கள்.

வில்லுக்கு மூங்கிலைவிடச் சௌகரியமானது இல்லை. சவுக்கு, மூங்கில் விற்கும் கடையில் கேட்டால் ஒரு துண்டு தருவார்கள். கூடை முடைகிறவர்கள் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது, பிளந்தே கொடுப்பார்கள். முற்றிக் காய்ந்த மூங்கிலாக இருக்க வேண்டியது அவசியம். பச்சை மூங்கில் வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும், அப்புறம் அம்பு காலடியில்தான் விழும். பச்சையாகத்தான் கிடைத்தது என்றால் நிழலில் சில வாரம் காயப் போடுங்கள்.

ஐந்து, ஆறு வயதுக் குழந்தைக்கு மூன்று அடி நீளம் போதும். அகலம் நடுவில் இரண்டு சென்டிமீட்டர், இரண்டு நுனியிலும் ஒரு சென்டிமீட்டராகக் குறைந்துகொண்டே போக வேண்டும். நடுவில் நான்கு அங்குலம் கைப்பிடி, அதைச் சீவக் கூடாது. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. மூங்கிலின் வழவழப்பான வெளித்தோல் எப்போதும் எய்கிறவருக்கு எதிர்ப்பக்கம், அதாவது வெளியே பார்த்து இருக்க வேண்டும். மூங்கிலின் பலமான நார்கள் எல்லாம் அந்தத் தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. வளைக்கும்போது இழுபடுவது அந்தப் பக்கம். அதைச் சீவினால் வில் சட்டென்று முறியும். ஆகவே சீவுவதெல்லாம் உள்பக்கம் மட்டுமே.

கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, அடிக்கடி தரையில் ஊன்றி வளைத்துப் பாருங்கள். இரண்டு கையும் ஒரே மாதிரி வளைகிறதா? எந்தப் பக்கம் விறைப்பாக நிற்கிறதோ அந்தப் பக்கம் மட்டும் இன்னும் சிறிது சீவ வேண்டும். இதில் அவசரமே கூடாது. தோசைக்கு அரைத்து வைத்துவிட்டுப் பத்து நிமிஷம், மத்தியானம் பத்து நிமிஷம் என்று இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உப்புக் காகிதத்தால் ஓரங்களை நன்றாகத் தேய்க்க வேண்டும். மூங்கில் சிம்பு பிஞ்சு விரலில் ஏறினால் எடுப்பது பெரும் பாடு. கைப்பிடியில் பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றித் தைத்துவிடுங்கள்.

நுனியிலிருந்து ஒரு விரல் தள்ளி, இரண்டு பக்க ஓரத்திலும் சின்ன வெட்டு. அதற்குக் கீழே நூலை இறுகச் சுற்றிவிட்டால் மூங்கில் பிளக்காது. நாணுக்குப் பூக்கட்டும் நூலையே பன்னிரண்டு, பதினாறு இழை சேர்த்து முறுக்கி, மெழுகுவர்த்தியால் தேய்த்துக்கொள்ளலாம். தூண்டில் நரம்பும் காற்றாடி மாஞ்சாவும் வேண்டவே வேண்டாம், விரலை அறுக்கும். நாணைக் கட்டியபின் கைப்பிடிக்கும் நாணுக்கும் நடுவே நாலு விரல் நுழைய வேண்டும்.

வில் எவ்வளவு விறைப்பாக இருக்கலாம்? இதற்குச் சமையலறையிலேயே வழி இருக்கிறது. ஒருவர் வில்லை நாண் கீழே இருக்கும்படி படுக்கையாகப் பிடித்துக்கொள்ளட்டும். இரண்டு கிலோ அரிசியைத் துணிப்பையில் போட்டு நாணின் நடுவில் தொங்கவிடுங்கள். கைப்பிடியிலிருந்து ஓர் அடி வரை நாண் கீழே இறங்கினால் போதும், குழந்தைக்கு அது சரியான வில். இறங்கவில்லை என்றால் இன்னும் சீவுங்கள். "கொஞ்சம் வேகமாகப் போகட்டுமே" என்று வீட்டு ஆண்பிள்ளைகள் யாராவது சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இனி அம்பு. வில்லைவிட இதில்தான் கவனம் வேண்டும். பென்சில் பருமனில் நேரான காய்ந்த குச்சி, ஒன்றரை அடி. நாணில் பொருந்தப் பின்னால் சின்ன வெட்டு. முன்நுனியில் பழைய கோட்டுப் பொத்தான், பெரிய தட்டைப் பொத்தானாக ஒன்றைப் பசை வைத்துத் துணியால் சுற்றிக் கட்டுங்கள். அது இருந்தால் குச்சி பஞ்சைக் குத்திக்கொண்டு வெளியே வராது. அதன்மேல் ஸ்பாஞ்சைக் கனமாக வைத்து, துணி போர்த்தி, கழுத்தில் இறுகச் சுற்றித் தையல் போட வேண்டும். முடிந்த உருண்டை பெரிய எலுமிச்சம்பழத்தைவிடப் பெரியதாக, குறைந்தது இரண்டு அங்குல அகலம் இருக்கட்டும். குழந்தையின் கண்குழிக்குள் நுழைய முடியாத அளவு என்பதுதான் கணக்கு. பிறகு உங்கள் பலம் முழுவதும் போட்டு அதை இழுத்துப் பாருங்கள். அசைந்தால் மறுபடி கட்டுங்கள். முதல் அம்பை உங்கள் உள்ளங்கையிலேயே எய்து பார்த்துவிட்டுத்தான் குழந்தை கையில் கொடுக்க வேண்டும்.

கொடியில் பழைய போர்வையைத் தளர்வாகத் தொங்கவிட்டால் அதுவே குறி. அம்பு பட்டதும் துணி வாங்கிக்கொள்ளும், திரும்பித் தெறிக்காது. சுவரில் எய்ய விடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எய்யலாம். மற்றவர்கள் எல்லாம் முதுகுக்குப் பின்னால். வில்லைக் கீழே வைத்தபிறகுதான் அம்பு பொறுக்கப் போகலாம். வானத்தைப் பார்த்து எய்யக் கூடாது. அம்பு இல்லாமல் நாணை மட்டும் இழுத்து விடக் கூடாது, வில் முறிந்துபோகும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கூடத்திலே இந்த விளையாட்டே வேண்டாம்.

பாட்டிமார் சிலர் "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கும்மா வில்லும் அம்பும்?" என்பார்கள். ராஞ்சிக்குப் பக்கத்தில், சின்ன வயதில் மூங்கில் வில்லில் எய்து பழகிய தீபிகா குமாரிதான் 2010 டெல்லி காமன்வெல்த் விளையாட்டில் இரண்டு தங்கம் வாங்கினார் என்று சொல்லுங்கள், பாட்டியே மூங்கில் வாங்கப் பணம் கொடுப்பார்!

எத்தனை ஜாக்கிரதையாக இருந்தாலும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஈர்க்குச்சி அம்பாவது கண்ணில் படலாம். அப்போது செய்யக் கூடாததைத்தான் நாம் முதலில் செய்கிறோம். தாய்ப்பால் பீய்ச்சுவது, விளக்கெண்ணெய் விடுவது, தண்ணீர் அடிப்பது, கசக்கி ஊதுவது, ஒன்றும் வேண்டாம். குச்சி குத்தி நின்றால் பிடுங்கவே கூடாது. ஒரு காகிதக் கப்பைக் கண்ணில் படாமல் கவிழ்த்து, ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டி, நேரே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அழுகிறதே என்று வழியில் பாலோ பிஸ்கட்டோ கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்ய நேரலாம். மொட்டை முனை பட்டு வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், கண் வலித்தால், பார்வை மங்கினால், கருவிழிக்கு முன்னே ரத்தம் தெரிந்தால், காலை வரை பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே காட்ட வேண்டும்.

விளையாட்டு முடிந்ததும் நாணை ஒரு பக்கம் கழற்றிவிட்டால் வில்லின் விறைப்பு நிற்கும். கழற்றிய வில்லையும் அம்புகளையும் பரண்மேல் எட்டாத இடத்தில் வையுங்கள். சிறிசுகள் கேட்டுத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.