வெளிச்சத்தில் மடி ஆசாரம்

ஃபிலிம் காமிராவோடு திரியும் நண்பர்கள் சிலரிடம் ஒரு மடி ஆசாரம் இருக்கிறது. காமிராவின் தலையிலேயே ஃபிளாஷ் இருந்தால் அது தீட்டு. நிகான் எஃப்3இல் இல்லை, எஃப்5இல் இல்லை. ஆகவே காத்திரமான காமிராவில் அது இருக்கலாகாது என்பது சித்தாந்தம். இவ்விரண்டிலும் வ்யூஃபைண்டரையே கழற்றி மாற்றலாம். கழன்று வரும் தலையில் ஃபிளாஷுக்கு ஏது இடம்? ஒரு பொறியியல் ஏற்பாட்டை இவர்கள் அழகியல் கோட்பாடாக்கிவிட்டார்கள். 1992இல் வந்த கேனன் இஓஎஸ் 5, 2000இல் வந்த நிகான் எஃப்80 இரண்டிலும் ஸ்பாட் மீட்டர் உண்டு, எக்ஸ்போஷரைக் கையால் வைக்கலாம், ஃபிளாஷும் உண்டு. இவை விளையாட்டுச் சாமான்களா?

அந்தச் சின்ன ஃபிளாஷின் குறைகளை மறைக்கவில்லை. லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் முகம் தட்டையாகிறது, கண் சிவக்கிறது. கைடு நம்பர் 12 என்றால் ஐஎஸ்ஓ 100 ஃபிலிமில் எஃப்/4 வைத்து மூன்று மீட்டர்தான் எட்டும். இருட்டறைக்கு அது உதவாது. ஆனால் உச்சி வெயிலில்? 1/125 செகண்ட், எஃப்/16. ஒன்றரை மீட்டரில் நிற்பவர் முகத்தில் அது தருவது முழு வெளிச்சத்தில் கால் பங்கு, இரண்டு ஸ்டாப் குறைவு. கண்குழியில் அப்பிய நிழல் விலக அவ்வளவு போதும். வெயில் வெயிலாகவே இருக்கும். பலவீனம்தான் அங்கே அதன் பயன்.

தனி ஃபிளாஷ் வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். தேவைப்படும் நேரத்தில் அது வீட்டு அலமாரியில் இருக்கும்.

கார்ட்டியே-ப்ரெஸ்ஸன் ஃபிளாஷை வெறுத்தார். எதிரில் நடப்பதைக் கலைக்கக்கூடாது என்ற அவர் வேலைமுறைக்கு அது பொருந்தவில்லை. அது அவர் தேடி அடைந்தது; நாம் இரவல் வாங்கினால் வெறும் பாவனை. 1880களின் கடைசியில் நியூயார்க் சேரிகளின் இருட்டறைகளில் ஜேக்கப் ரீஸ் மக்னீசியப் பொடி கொளுத்திப் படமெடுத்தார். அந்த வெளிச்சம் முரட்டுத்தனமானது, அங்கிருந்தவர்களைத் திடுக்கிட வைத்தது. அது இல்லாவிட்டால் அந்த முகங்களே நமக்கு இல்லை.

கவிதையில் புரியாமையை ஆழம் என்று சாதிப்பவர்களுக்கும், படத்தில் கருத்துப்போன முகத்தை 'இயல்பு வெளிச்சம்' என்று சாதிப்பவர்களுக்கும் அதிக தூரமில்லை. கைக்கெட்டும் சாதனத்தை மறுக்கும் கௌரவம் எடுப்பவனுக்கு. முகத்தை இழப்பது எதிரில் நிற்பவர். அவரை யாரும் கேட்பதில்லை.